ரெண்டு செட்டையும் (சிறகும்) ஒரே அளவு: யார் அளந்து வெட்டுற?

களுவாஞ்சி_பயோ
செவ்வாய், இரவு 9.12

உயர்தர வகுப்பில கலப்பிரிவு (cell division) படிப்பிச்சுக்கொண்டிருந்தன். பின்வாங்கில ஒரு புள்ள, வருசத்துக்கு ரெண்டு தரம்தான் வாய் திறக்கும், எழும்பி ரெண்டு கையையும் சேர்த்துப் பிடிச்சுக் காட்டிச்சு. "சேர், இந்தக் கையில இருக்கிற கலத்துக்கு அந்தக் கையில இருக்கிற கலத்தத் தெரியாது. பிறகு எப்பிடி ரெண்டும் ஒரே நீளத்தில வந்து நிண்ட?"

நான் சொன்ன பதில்: "பரம்பரையலகு (gene)." புள்ள "ம்" எண்டிட்டு இருந்திட்டு.

அந்த "ம்" அண்டையில இருந்து என்னை உறுத்துது. கையிலயும் அதே பரம்பரையலகு, மூக்கிலயும் அதே பரம்பரையலகு. அப்ப மூக்கு ஏன் கை அளவுக்கு வளரல்ல? பழ ஈயில இதப்பற்றிக் கனக்க வேலை நடந்திருக்கு எண்டு மட்டும் கேள்வி. நாங்க கெம்பஸில படிச்ச ஈ, மோர்கன், வெள்ளைக்கண், 1910 எண்டதோட செத்திட்டு. தெரிஞ்ச ஆக்கள் வகுப்பில சொல்லக்கூடிய மாதிரி ஏதும் சொல்லுங்களன்.

படுவான்கரையான்
செவ்வாய், இரவு 9.40

பழ ஈ எண்டதும் ஓடி வந்தன் சேர். இந்த முறையும் கொய்யாவில பாதி புழு. வெளிய பாத்தா பொன் மாதிரி, பிளந்தா உள்ளுக்க நெளியுது. அந்த வளர்ச்சிய நிப்பாட்டுற சாமானக் கண்டுபிடிச்சிருந்தா அதை எங்கட புழுவுக்கும் குடுத்து விடேலாதா?

ஈக்காரி
செவ்வாய், இரவு 10.55

முதல்ல படுவான்கரை அண்ணனுக்கு. உங்கட கொய்யாவக் குத்துறது வேற குடும்பம். பக்ட்ரோசெரா என்டுவாங்க. வீட்டு ஈ அளவு வரும், மஞ்சள் கோடெல்லாம் போட்டு ஒரு சின்னக் குளவி மாதிரி இரிக்கும், பழுக்க முந்தியே காயில குத்தி முட்டை வச்சிரும். நான் ஆய்வுக்கூடத்தில வளர்க்கிறது துரோசோபிலா. ரெண்டரை மில்லிமீற்றர், செவந்த கண், அழுகின வாழைப்பழத்துக்கு மேல சுத்திக்கொண்டு நிக்குமே, அது. உங்கட ஈ பழத்த நாசமாக்கும், என்ட ஈ நாசமான பழத்தில பிழைக்கும். உங்களுக்கு இப்ப பரம்பரையலகு உதவாது, கடதாசிப் பைதான் மருந்து. காய் சின்னதா இரிக்கக்குள்ளயே கட்டுங்க. விழுந்த பழத்த மரத்துக்குக் கீழ கிடக்க விடாம ஆழமாப் புதைங்க. மெதைல் யூஜினோல் பொறி வச்சா ஆண் ஈ வந்து விழும்.

இனி சேர்ட கேள்வி. அந்தப் புள்ள கேட்டதத்தான் நாங்க இன்னமும் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிரிக்கம்.

ஈயிட குடம்பிக்குள்ள, புழு என்டே வைங்களேன், செட்டைக்கு, காலுக்கு, கண்ணுக்கு என்டு தனித்தனியாச் சின்னச் சின்னத் தட்டு இரிக்கி. மடிச்சு வச்ச பை மாதிரி. புழுவுக்கு அதால ஒரு வேலையும் இல்ல. கூட்டுப்புழுவானதும் அந்தப் பை வெளிய விரிஞ்சு செட்டையாகும். முட்டையால வாற நேரம் ஒரு செட்டைத் தட்டில கிட்டத்தட்ட 40 கலம். நாலஞ்சு நாளில அது 30,000 தாண்டிரும். 40ஐப் பத்துத் தரம் இரட்டிச்சுப் பாருங்க, 40,960 வரும். அப்ப பத்துப் பிரிவுக்குக் கிட்ட. அதோட நிண்டிரும். பதினோராவது தரம் ஒரே ஒருக்கா எல்லாக் கலமும் வளந்து பிரிஞ்சிருந்தா செட்டை ரெண்டு மடங்காகிரும், ஆனா அப்பிடி நடக்கிறல்ல.

யார் நிப்பாட்டுற? உடம்பா, தட்டா? இளம் தட்டொன்ட வெட்டி எடுத்து, வளந்த பெண் ஈயிட வயித்துக்குள்ள வச்சுப் பாத்தாங்க. அங்க அதுக்குப் புழுவுமில்ல, கூட்டுப்புழுவுமில்ல, எப்ப நிக்கணும் என்டு சொல்ல ஒருத்தருமில்ல. ஆனாலும் அது தன்ட அளவுக்குக் கிட்ட வளந்து நிண்டிட்டு. அப்ப அளவுகோல்ட பெரிய பங்கு தட்டுக்குள்ளயே இரிக்கி.

களுவாஞ்சி_பயோ
செவ்வாய், இரவு 11.20

அப்ப பத்துத் தரம் பிரி, பிறகு நில் எண்டு கலத்துக்குள்ள ஒரு கணக்கு இருக்கெண்டு சொல்லலாமா? வகுப்பில சொல்ல லேசா இருக்கும்.

ஈக்காரி
புதன், காலை 6.05

லேசா இரிக்கும் சேர், ஆனா பிழை. நானும் முதல் வருசம் அப்பிடித்தான் நினைச்ச.

1997ல ஒரு குழு செட்டைத் தட்டிட ஒரு பாதியில மட்டும் கலப்பிரிவ மறிச்சுப் பாத்த. அந்தப் பாதியில கலம் குறைவு. ஆனா ஒவ்வொரு கலமும் ஊதிப் பெருத்து, பாதி தன்ட வழமையான அளவுக்கே வந்திட்டு. அடுத்த வருசம் இன்னொரு குழு பிரிவக் கூட்டியும் குறைச்சும் பாத்த. கூட்டினா கன கலம், எல்லாம் சின்னன். குறைச்சா கொஞ்சக் கலம், எல்லாம் பெருசு. தட்டு ரெண்டிலயும் கிட்டத்தட்ட அதே அளவு.

அப்ப தட்டு எண்ணுறல்ல. தன்ட முழு அளவத்தான் பாக்குது.

கச்சான்
புதன், காலை 8.31

ஒரு ஈயிட செட்டை எவ்வளவு பெருசு எண்டு பாக்க உலகம் முழுக்கக் காசு. இஞ்ச சனம் டெங்குவில கிடக்கு. நுளம்பப் பாருங்கடா.

மருதமுனை_தறி
புதன், பகல் 1.15

கச்சான் தம்பி, அந்தச் சுடுகாத்துட பேருக்கு ஏத்த மாதிரிச் சுடுறீங்க.

எனக்கு உயிரியல் தெரியா. ஆனா அளவு தெரியும். எங்கட ஊர்ல சாரி நெய்யிறவன் எத்தின ஊடு அடிச்ச என்டு எண்ணுறல்ல. பாவு ஓட்டக்குள்ளயே நீளம் குறிச்சாச்சு, அந்தக் குறி வந்தா நிப்பாட்டுற. நூல் மொத்தமா இருந்தா அடி குறையும், மெல்லிசா இருந்தா அடி கூடும், சாரி அதே சாரிதான். தங்கச்சி சொல்ற ரெண்டாவது கதை எனக்கு அப்பிடித்தான் விளங்கிச்சு.

ஆனா எங்களுக்கு இன்னொரு விசயம் இரிக்கி. பாவிட இழுவை. இறுக்கம் ஒரு பக்கம் கூடி மத்தப் பக்கம் குறைஞ்சா துணி ஓரம் நெளிஞ்சிரும். கலத்துக்கும் அப்பிடி இழுவை கிழுவை இரிக்கா?

ஈக்காரி
புதன், இரவு 9.48

காக்கா (அண்ணன்), நீங்க கேட்டதப் பாத்து எழும்பியே நிண்டிட்டன். இரிக்கி. ஆனா அதுக்கு முந்தி வளர்ச்சிய நிப்பாட்டுற பிறேக்கப் பத்திச் சொல்லணும்.

1990கள்ல ஈயில ஒரு வித்தை கைக்கு வந்திட்டு. முழு ஈயும் சாதாரணம், ஆனா செட்டையிலயோ கண்ணிலயோ ஒரு சின்னத் திட்டுக் கலத்தில மட்டும் ஒரு பரம்பரையலகக் கெடுக்கலாம். முழு உடம்பிலயும் கெடுத்தா குடம்பியிலயே செத்துப்போற விகாரங்களையும், அதான் பரம்பரையலகுக் கேடுகளையும், இப்பிடிப் பெரிய ஈயில பாக்கலாம். ஆக்கள் ஆயிரக்கணக்கில இப்பிடித் திட்டுப் போட்டு, எந்தத் திட்டு பக்கத்துக் கலத்த விட மிஞ்சிப் பொங்குது என்டு நுணுக்குக்காட்டியில குனிஞ்சு பாத்துக்கொண்டே இருந்த.

1995ல ரெண்டு குழு ஒரே பரம்பரையலகில போய் முட்டின. கெட்டா தோல் பாலுண்ணி மாதிரிப் பொம்மிக்கொண்டு வரும். அதனால பேர் வார்ட்ஸ். 2002ல சல்வடோர் வந்த. அதுக்கு இன்னொரு குழு வச்ச பேர் ஷார்-பே, அந்தத் தோல் சுருங்கின சீன நாய். 2003ல ஒரே வருசத்தில அஞ்சு குழு ஹிப்போ என்டதக் கண்டுபிடிச்ச. அது கெட்ட ஈயிட தலை நீர்யானைத் தோல் மாதிரிக் கறுத்து மடிஞ்சு மடிஞ்சு கிடக்கும். நான் முதல் தரம் பாத்த அண்டைக்குச் சாப்பாடு இறங்கல்ல. ஊசி முனை அளவு தலை, அதுக்கு மேல பிறகும் பிறகும் தோல்.

நாயிட பேரும் நீர்யானைட பேரும் ஏன் வச்ச என்டு சிரிக்க வேணாம், இதுகள் எல்லாம் ஒரே கயித்தில கட்டினதுகள். ஹிப்போவும் சல்வடோரும் சேந்து வார்ட்ஸத் தட்டி எழுப்பும். வார்ட்ஸ் போய் யோர்க்கி என்ட புரதத்தில ஒரு பொசுபேற்ற ஒட்டிவிடும். ஒட்டினா யோர்க்கி கலத்திட கருவுக்குள்ள (nucleus) போகேலாது, வெளிய நிண்டிரும். ஒட்டாட்டி உள்ளுக்குப் போய் "வளர், பிரி, சாகாத" என்ட பரம்பரையலகுகளத் துறந்துவிடும். யோர்க்கிய 2005ல கண்டுபிடிச்ச. அது இல்லாத திட்டு வளராமக் குறுகிப்போற, அதால சின்ன யோர்க்‌ஷயர் நாயிட பேர்.

சேர் கவனிச்சா விளங்கும். இந்தப் பரம்பரையலகுகள்ல முக்காவாசியும் தடுக்கிற ஆக்கள். வளர்றது கலத்துக்கு இயல்பு, நிக்கிறதுக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

இப்ப காக்காட இழுவை. கலமும் கலமும் ஒட்டியிருக்கிற விளிம்பில இழுவை கூட இருந்தா, வார்ட்ஸ் அந்த விளிம்பிலயே பிடிபட்டு வேலை செய்ய ஏலாமப் போயிரும், யோர்க்கிக்கு வழி துறந்திரும். தட்டில கலம் நெருங்கி இழுவை தளந்தா வார்ட்ஸ் கழண்டு வந்து யோர்க்கிய மறிக்கும். 2014ல இந்தக் கண்ணிய விளக்கமாக் காட்டின. அளவுக்கு இதுதான் முழுப் பதில் என்டு நான் சொல்லமாட்டன். செட்டைட நடுவில இருந்து பரவுற சமிக்ஞைப் புரதங்களுக்கும் பங்கு இரிக்கி, எதுக்கு எவ்வளவு என்டதில எங்கட ஆக்களுக்குள்ளயே அடிபிடி.

மருதமுனை_தறி
புதன், இரவு 10.10

அல்ஹம்துலில்லாஹ். நாளைக்குத் தறியில இருந்துகொண்டு யோர்க்கியத்தான் நினைப்பன்.

இரவு_டியூட்டி
வியாழன், அதிகாலை 2.37

ஆஸ்பத்திரி வார்ட் அமைதியா இருக்கு, அதால வாசிச்சன். கச்சான் தம்பிக்கு ஒரு பதில் இருக்கு.

ரெண்டு காதும் கேக்காமப் போன ஒரு இளம் ஆள் எங்கட வார்டில கிடந்தார். கேள்வி நரம்பில ரெண்டு பக்கமும் கட்டி. பரம்பரையா வாற வருத்தம், நரம்புநார்க்கட்டி ரெண்டாம் வகை எண்டு டொக்டர் சொன்னார். கெட்டுப்போற புரதத்துக்குப் பேர் மேர்லின் எண்டார். எழுதி வச்சிருந்தன், ஏனெண்டு தெரியா, பேர் வடிவா இருந்திச்சு. தங்கச்சி, உங்கட கயித்தில மேர்லினும் இருக்கா?

இன்னொண்டு. ஈரலில பெரிய பகுதிய வெட்டி எடுத்தாலும் மிச்சம் வளந்து பழைய அளவுக்குக் கிட்ட வந்து நிண்டிரும். அதுவும் இதே கதையா?

ஈக்காரி
வியாழன், காலை 6.20

ஓம் அக்கா, மேர்லின் அதே கயித்தில ஹிப்போக்கு மேல நிக்கிற. ஈயிலயும் இரிக்கி, அங்கயும் கெட்டா இழையம் மிஞ்சி வளரும்.

ஈரலும் அதேதான். யோர்க்கிட வேலைய எங்கட உடம்பில செய்யிறதுக்கு யாப் என்டு பேர். 2007ல எலியிட ஈரலில யாப்பக் கூட்டிவிட்டாங்க. ஈரல் நாலு மடங்குக்குக் கிட்ட வீங்கி வயித்த நிரப்பிட்டு. நிப்பாட்டினதும் திரும்பச் சுருங்கி வந்திச்சு. கன நாள் நிப்பாட்டாம விட்டா புத்துநோய்க்கட்டி. இன்னும் ஒன்டு, வார்ட்ஸ் கெட்ட ஈக்கு மனிசன்ட அதே பரம்பரையலகக் குடுத்தா ஈ சுகமாகிரும். மனிசனும் ஈயும் பிரிஞ்சு அம்பது கோடி வருசத்துக்கு மேல. ஆனா பிறேக் மாத்திப் பூட்டினாலும் பிடிக்கிது.

எல்லாப் புத்துநோயும் இதால என்டு எடுக்க வேணாம். இதுவும் ஒரு வாசல்.

கச்சான்
வியாழன், காலை 9.02

சரி, வாபஸ். ஆனா ஒரு கேள்வி. தட்டுக்குள்ள ஒரு கலம் மட்டும் சோம்பேறியா மெல்ல வளந்தா? மற்றதுகள் காத்துக்கொண்டு நிக்குமா?

ஈக்காரி
வியாழன், காலை 9.30

மற்றதுகள் அதக் கொன்டுபோடும். 1975ல ஸ்பானிய ஆய்வாளர் மொராற்றாவும் ரிப்போலும் காட்டின. மினிட் என்டு ஒரு விகாரம், கலத்தில புரதம் செய்யிற ரைபோசோம்ட புரதத்தில குறை, கலம் மெல்லத்தான் வளரும். எல்லாக் கலமும் மினிட் என்டா ஈ பிந்திப் பிறக்கும், ஆனா கிட்டத்தட்ட ஒழுங்கான ஈ. அதே மெதுவான கலத்த நல்ல கலத்துக்குப் பக்கத்தில விட்டா மினிட் கலம் செத்துக் காணாமப் போயிரும், நல்ல கலம் அந்த இடத்த நிரப்பும், செட்டை அளவு மாறாது. தனிய இருந்தா வாழக்கூடிய கலம் அயல்காரனாலதான் சாகுது. கேக்கிறதுக்கு எங்கட ஊர் வேலிச் சண்டை மாதிரித்தான்.

வடபழனி_வாசகர்
வியாழன், முற்பகல் 11.44

அருமையான இழை. ஒரு சந்தேகம்: 'கலம்' என்று எல்லோரும் எழுதுகிறீர்களே, அது பாத்திரமல்லவா? இங்கே நாங்கள் செல், திசு, மரபணு என்கிறோம்.

களுவாஞ்சி_பயோ
வியாழன், பகல் 12.30

எங்கட பாடப்புத்தகத்தில கலம், இழையம், பரம்பரையலகு, நிறமூர்த்தம். பாத்திரம் எண்டதும் சரிதான், உள்ளுக்க சாமான் இருக்கே. 'செல்' எண்டு வகுப்பில சொன்னா பிள்ளைகள் எழும்பிப் போயிருவாங்க.

சரி, விசயத்துக்கு வாறன். ஈக்காரித் தங்கச்சி எழுதினத வகுப்பில வாசிச்சன். அந்தப் புள்ள இந்த முறை "ம்" எண்டு சொல்லல்ல, "சேர், நாங்க செய்து பாப்பமா" எண்டிச்சு. யோகட் கப் ஆறு, பிசைஞ்ச கதலிப்பழம், மேல துணி. கடதாசிப் புனல் வச்சு குசினியில பிடிச்ச ஈ. மூண்டு கப்பில கொஞ்ச ஈய விட்டு ரெண்டு மணித்தியாலத்தில எடுத்திட்டம், முட்டை குறைவா இருக்கட்டும் எண்டு. மூண்டு கப்பில கனக்க ஈய விட்டு ரெண்டு நாள் இருக்க விடப்போறம். ஒண்டில ஊட்டம் கூட, ஒண்டில நெரிசல். என்ன நடக்கும் எண்டு நீங்க முந்திச் சொல்ல வேணாம்.

ஈக்காரி
வியாழன், இரவு 8.15

சொல்லமாட்டன். ஆனா ரெண்டு விசயம். வீட்டில பிடிக்கிற ஈ எல்லாம் நாங்க வளர்க்கிற மெலனோகாஸ்டர் இனம் இல்ல, அதுட சொந்தக்காரரும் கலந்து வருவாங்க. ஒரு சோடியில இருந்து பெருக்கினா நல்லம். மற்றது, கப்ப யன்னலடியில வைக்காதீங்க. நாங்க 25 பாகையில வளர்க்கிற, முட்டையில இருந்து ஈயாகப் பத்து நாள். 30 தாண்டினா ஆண் ஈ மலடாகிரும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில மட்டக்களப்பில யன்னலடி என்டா ஈ பறக்கும், புழு வராது.

களுவாஞ்சி_பயோ
சனி (மூண்டாம் வாரம்), மாலை 5.50

ஒண்டும் ஒழுங்கா நடக்கல்ல, ஆனா நடந்திட்டு.

முதலாவது ஆறு கப்பும் எறும்பு. காலையில வகுப்பத் துறந்தா புழுவத் தூக்கிக்கொண்டு வரிசையாப் போகுதுகள். ரெண்டாம் தரம் தட்டில தண்ணி விட்டு அதுக்குள்ள கப்ப வச்சம். அதில ஒரு கப் சரிஞ்சு கூட்டுப்புழு தண்ணியில. மிச்சம் அஞ்சு.

நெரிசல் கப்பில வந்த ஈ கண்ணால பாக்கவே சின்னன். ஃப்ரிட்ஜில அஞ்சு நிமிசம் வச்சு மயக்கி, செலோடேப்பில ரெண்டு செட்டையையும் ஒட்டி, போன் கமராவ நுணுக்குக்காட்டியில வச்சு எடுத்தம். புள்ளதான் அளந்திச்சு. பெரிய ஈக்கு ரெண்டு செட்டையும் பெருசு, சின்ன ஈக்கு ரெண்டும் சின்னன். இடம், வலம் ஒண்டில வச்சுப் பாத்தா கோட்டுக்குக் கோடு பொருந்துது. நரம்புக் கோடு வளையிற இடம் கூட.

பிறகு அது கேட்ட கேள்வி இது, அப்பிடியே எழுதுறன்: "சேர், அளவு தட்டுக்குள்ளதான் இருக்கெண்டா, சாப்பாடு குறைவு எண்டு இடது செட்டைக்கும் வலது செட்டைக்கும் ஆர் சொன்ன?"

ஈக்காரி
சனி, இரவு 10.02

இந்தப் புள்ளைய எங்கட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்க.

சொல்றது இரத்தம். ஈக்கும் இன்சுலின் மாதிரிப் புரதம் இரிக்கி, மூளையில சில கலம் சுரக்கும். சாப்பாடு நல்லம் என்டா கூட வரும், எல்லாத் தட்டுக்கும் ஒரே நேரம் போய்ச் சேரும். அந்தச் செய்தியக் கலத்துக்குள்ள வாங்குற ஒரு பரம்பரையலகு கெட்டா, 1999ல கண்டுபிடிச்ச, சிக்கோ என்டு பேர், ஸ்பானிய மொழியில சின்னப் பொடியன், ஈ பாதி அளவுக்கும் குறைவு. கலமும் சின்னன், எண்ணிக்கையும் குறைவு. ஆனா உறுப்பு ஒன்டுக்கொன்டு பொருத்தம். அப்ப தட்டுக்குள்ள அளவுகோல் இரிக்கி, ஆனா அந்த அளவுகோலையே சாப்பாடு நீட்டிச் சுருக்கும்.

அந்தப் புள்ளைட முதல் கேள்விக்கும் ஒரு மிச்சம் இரிக்கி. ஒரு தட்டுக் காயப்பட்டா என்ன நடக்கும்? 2012ல ரெண்டு குழு கண்டுபிடிச்ச. காயப்பட்ட தட்டு டில்ப்8 என்டு ஒரு புரதத்த விடும். அது போய் உருமாற்ற ஓமோன், எக்டைசோன், சுரக்கிறதப் பிந்த வைக்கும். முழுப் புழுவும் காத்துக்கொண்டு நிக்கும், மத்தத் தட்டுகளும் மெல்லமாகும். கலியாண வீட்டுச் சஹன்ல, கூடித் தின்னுற பெரிய தாம்பாளத்தில, ஒராள் தின்டு முடிக்குமட்டும் மத்த ஆக்கள் எழும்பாம இரிக்கிற மாதிரி. அந்த டில்ப்8 இல்லாத ஈயில இடது செட்டையும் வலது செட்டையும் முந்தி மாதிரிப் பொருந்தாது. வித்தியாசம் கூடிரும். இந்தக் கையிட கலத்துக்கு அந்தக் கையத் தெரியா என்டு புள்ள சொன்னது சரிதான். ஆனா ரெண்டும் ஒரே இரத்தத்தில கதைக்குதுகள்.

படுவான்கரையான்
ஞாயிறு, காலை 7.25

கொய்யாவுக்குப் பை கட்டிட்டன். கட்ட முந்திக் குத்தினதுகளத் தவிர மிச்சம் சுத்தம்.

சேர், தண்ணித் தட்டில ஒரு சொட்டுச் சவர்க்காரமும் விடுங்க, எறும்பு நீந்தாது. கப்புக்குள்ள ஒரு கல்லையும் போடுங்க, சரியாது.